மெயினை அணைத்தால் மட்டும் போதுமா?



சென்ற மாதம் சங்கக் கட்டிடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது உறுப்பினர் ஒருவர், "அண்ணாச்சி, கடையில் ஒரு லைட் மாட்ட எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் மூன்று நாள் இழுக்கிறான். நம்ம பையனையே ஏற்றி மாட்டிவிட்டேன், பத்து நிமிஷ வேலை" என்று பெருமையாகச் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பத்து நிமிஷ வேலையில் நாம் 2019ஆம் ஆண்டு ஒரு பையனின் உயிரை விலை கொடுக்கப் பார்த்தவர்கள். அதை அன்று எல்லார் முன்னிலையிலும் சொல்லக் கூச்சமாக இருந்தது. இதழில் எழுதினால் நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறோம்.

நமது பருப்பு கோடவுன் தகப்பனார் காலத்துக் கட்டிடம். இரும்பு உத்தரம் போட்டு ஓடு வேய்ந்தது. கீழே கடை, பின்னால் கோடவுன், மாடியில் குடித்தனம். நம்மில் பலருக்கும் இதே அமைப்புதான். கோடவுனில் டியூப் லைட் ஒன்று பழுதாகி, அதற்குப் பதிலாக எல்.இ.டி. பட்டி லைட் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை அடைத்த நேரம். கூப்பிட்ட மின்பணியாளர் வரவில்லை. கடையில் நம்மோடு மூன்று வருடமாக இருந்த பையனுக்கு வயது 19. "நான் மாட்டிடுறேன் அண்ணாச்சி" என்றான். சரி என்றோம்.

நாம் ஒன்றும் அறியாதவர் அல்லர் என்ற நினைப்பு நமக்கு. லைட் சுவிட்சை அணைத்தோம். அதுவும் போதாது என்று மீட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த எம்.சி.பி.யையும் நம் கையாலேயே கீழே இறக்கினோம். இரண்டு காவல் போட்டாகிவிட்டது, இனி என்ன பயம்? பையன் துவரம் பருப்பு மூட்டை அடுக்கின் மேல் ஏறினான். இடது கையால் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பழைய பட்டியிலிருந்து சிவப்பு வயரைக் கழற்றினான். அடுத்த கணம் 'ஹக்' என்று ஒரு சத்தம். மூட்டை மேலிருந்து தூக்கி எறிந்தாற்போல் கீழே விழுந்தான். கீழேயும் மூட்டைகள் இருந்ததால் தலை தப்பியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. விழுந்ததே நல்லதாயிற்று என்று பிறகு மருத்துவர் சொன்னார். உத்தரத்தைப் பிடித்த கை இறுகியிருந்தால் நாம் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

மின்சாரம் எங்கிருந்து வந்தது? அன்று மாலை வந்த மின்பணியாளர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துச் சொன்னார். இரண்டு காவலும் பொய்க் காவல்.

முதல் காரணம் இன்வெர்ட்டர். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதை வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில்தான் கடைக்குக் கடை இன்வெர்ட்டர் வந்தது. நாமும் மாடியில் ஒன்று வைத்து, வீட்டுக்கும் கடைக்கும் கோடவுன் விளக்குகளுக்கும் சேர்த்து லைன் கொடுக்கச் சொன்னோம். மின்வெட்டுக் காலம் போய்விட்டது, இன்வெர்ட்டர் போகவில்லை. நாம் எம்.சி.பி.யை இறக்கியதும், அது கரண்ட் போய்விட்டது என்று எண்ணி, தன் கடமையைச் சரியாகச் செய்தது. பாட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை அதே வயரில் அனுப்பியது. பாட்டரிதானே, 12 வோல்ட்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். பாட்டரி 12 வோல்ட், ஆனால் இன்வெர்ட்டரின் வேலையே அதை 230 ஆக்கித் தருவதுதான். மாடியில் அந்த நேரம் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. கீழே இருந்த நமக்கோ நினைப்பே வரவில்லை. மெயினை அணைத்தால் போதும் என்பது நம் தகப்பனார் காலத்துப் பாடம். அவர் காலத்தில் அது சரி. வீட்டுக்குள் இரண்டாவது ஒரு மின்சார ஊற்றை வைத்துக்கொண்டு பழைய பாடத்தையே படித்தது நமது தவறு.

இரண்டாவது காரணம் சுவிட்ச். மின்விளக்குக்கு இரண்டு வயர் போகிறது. மின்சாரம் வரும் வயருக்கு ஃபேஸ் என்றும், திரும்பும் வயருக்கு நியூட்ரல் என்றும் பெயர். சுவிட்ச் எப்போதும் ஃபேஸில்தான் இருக்க வேண்டும். நம் கோடவுனில் எந்தக் காலத்திலோ யாரோ மாற்றி, நியூட்ரலில் சுவிட்சைக் கொடுத்திருந்தார்கள். அப்படி இருந்தாலும் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், அணைத்தால் அணையும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் விளக்கின் முனைவரை ஃபேஸ் வந்து நின்றுகொண்டிருக்கும். கல்லாப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்பலகையைக் கழற்றி வைத்த கதைதான்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு இருட்டில் மினுக் மினுக் என்று மின்மினிபோல் லேசாக ஒளிர்ந்தால், சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். சுவிட்சிலேயே சிறு சிவப்பு விளக்கு வைத்த மாதிரிகளிலும் இப்படி ஒளிரலாம், அது வேறு. எதுவாயினும் சோதித்துப் பார்க்காமல் விடக்கூடாது. பழைய குண்டு பல்பு காலத்தில் இந்த அடையாளமும் கிடையாது. நமது கோடவுனில் பல ஆண்டுகள் அந்தக் குறை அப்படியே மறைந்து கிடந்திருக்கிறது.

இங்கே சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி, மின்சார வேலைகளை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், சாதாரண வீட்டுப் பொருத்திகள் ஆகியவற்றை அமைப்பு மாறாமல் கழற்றி மாட்டுவதற்கு மட்டும் விலக்கு அளித்திருந்தது. பின்னர் 2010இலும் 2023இலும் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளும் அதே வழியில்தான் போகின்றன. ஆகவே பழைய விளக்கை எடுத்துவிட்டுப் புது விளக்கை மாட்டுவது குற்றமல்ல. புது லைன் இழுப்பது, பாயிண்டை இடம் மாற்றுவது, இருக்கிற வயரிலிருந்து இன்னொரு கிளை எடுப்பது ஆகியவைதான் நாம் தொடக்கூடாத வேலை. ஆனால் நம் கடைகளில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது வகைதான். தீபாவளி சீசனுக்கு முன் "இந்த மூலையில் ஒரு லைட் போடு" என்று பையனிடம் வயரைக் கொடுத்துவிடுகிறோம்.

சரி, முதல் வகை வேலையைத் தாமே செய்ய நினைப்பவர் எப்படிச் செய்ய வேண்டும்? அந்த மின்பணியாளரை அருகில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அதை அப்படியே தருகிறோம்.

வேலை பகலில் நடக்க வேண்டும். முதலில் டெஸ்டரை எடுத்து, மின்சாரம் இருக்கிற ஒரு ப்ளக்கில் வைத்து, அது ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் அது சொல்லும் சேதியும் கெட்டதுதான். பிறகு மெயினை அணைத்து, பழைய ஃபியூஸ் கட்டை இருந்தால் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எம்.சி.பி. என்றால் அதன் மேல் ஒரு தாளை ஒட்டி "வேலை நடக்கிறது, போடாதே" என்று எழுதி வைக்க வேண்டும். யாராவது வந்து, "என்ன, கரண்ட் இல்லையே" என்று மெயினைத் தூக்கிவிடுவது நாம் எல்லாரும் கண்ட காட்சி. அடுத்து இன்வெர்ட்டரையும் அதன் சுவிட்சில் அணைக்க வேண்டும். இன்வெர்ட்டரை மட்டும் அணைத்து மெயினை விட்டாலும் பயனில்லை. ஈ.பி. மின்சாரம் அதன் வழியாகவே போய்க்கொண்டிருக்கும். இரண்டும் அணைய வேண்டும். பக்கத்துக் கடையிலிருந்து அவசரத்துக்கு வயர் இழுத்து வைத்திருப்பவர்கள் அதையும் பிடுங்கிவிட வேண்டும். அப்படியும் சிலர் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறோம்.

ஏறி நிற்பதற்கு மூட்டை அடுக்கு ஆகாது. இது நமக்குக் கிடைத்த பாடம். அலுமினிய ஏணியும் ஆகாது. காய்ந்த மர ஏணி அல்லது மர ஸ்டூல்தான் சரி. காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும். ஏணியை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவர் கைபேசி பார்க்காதவராக இருந்தால் நல்லது.

மேலே போனதும் மூடியைத் திறந்து, எந்த வயரையும் கையால் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முனையிலும் டெஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பை மட்டும் பார்த்தால் போதாது, கறுப்பையும் பார்க்க வேண்டும். நிறத்தை நம்பக்கூடாது. சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது முறை. மூன்று ஃபேஸ் உள்ள கடையில் மஞ்சளும் நீலமும் ஃபேஸாக வரும். ஆனால் கையில் மிச்சம் இருந்த வயரை எந்த நிறமானாலும் இழுத்துவிடுபவர்கள் உண்டு. டெஸ்டருக்கும் ஒரு குறை இருக்கிறது. நல்ல வெயில் வெளிச்சத்தில் அதன் சிறு ஒளி கண்ணுக்குத் தெரியாது, கையால் மறைத்துப் பார்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்த மரத்தின் மேல் நின்றால் ஒளி மேலும் மங்கும். சிலர் ஹோல்டரில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பார்கள். நமது கோடவுன் போல நியூட்ரலில் சுவிட்ச் உள்ள இடத்தில், அணைந்த நிலையில் இரண்டு முனைக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் எரியவே எரியாது. ஃபேஸ் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். ஆகவே இரண்டையும் பயன்படுத்த வேண்டும் என்று அவர் சொன்னார்.

பழைய விளக்கைக் கழற்றுவதற்கு முன் எந்த வயர் எந்தத் திருகில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். இங்கே நாம் அறியாத ஒரு சூட்சுமம் உண்டு. சீலிங் ரோஸின் ஒரே திருகில் இரண்டு கறுப்பு வயர்கள் சேர்ந்து இருக்கலாம். ஒன்று வருவது, மற்றது அடுத்த அறை விளக்குக்குப் போவது. அவற்றைப் பிரித்துவிட்டால் அடுத்த அறை விளக்கு எரியாது. அதைவிட மோசம், மின்சாரம் இருக்கும்போது பிரித்தால், அடுத்த அறை விளக்கின் வழியாகவே மின்சாரம் வந்து அந்தக் கறுப்பு வயர் முனையில் நிற்கும். கறுப்புதானே என்று தொட்டவர் அடி வாங்குவார். பிரித்த இரண்டையும் திரும்ப ஒன்றாகவே சேர்க்க வேண்டும்.

வயரின் மேலுறையை உரித்துப் பார்க்கும்போது அது பொரிந்து அப்பளம்போல் உதிர்ந்தால், அத்தோடு வேலையை நிறுத்திவிட்டு மூடியை மூடிவிட வேண்டும். அந்த வயரின் ஆயுள் முடிந்துவிட்டது. புது விளக்கு மாட்டி அதைச் சரிப்படுத்த முடியாது. பழைய மர ரீப்பரில் கிளிப் அடித்து ஓடும் வயர்களிலும், அறுபது வாட் பல்பு பல ஆண்டு எரிந்து சூடான ஹோல்டர்களிலும் இதுதான் நிலை. கோடவுனில் எலி கடித்த இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாக்கு, வத்தல் தூசி, எண்ணெய் டின், கற்பூரம் எல்லாம் வைத்திருக்கும் நமக்கு ஒரு தீப்பொறி போதும்.

வயர் நல்ல நிலையில் இருந்தால், திருகுக்குள் போகும் அளவு மட்டும் உரித்து, இழைகளை முறுக்கி, மடித்துச் செருகி இறுக்க வேண்டும். செம்பு வெளியே தெரியக்கூடாது, பிளாஸ்டிக் உறை திருகுக்கு அடியில் மாட்டிக்கொள்ளவும் கூடாது. இறுக்கிய பின் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். தளர்ந்த திருகுதான் சூடாகிப் புகையும். இணைப்பு தேவைப்பட்டால் கனெக்டர் போட வேண்டும். முறுக்கி டேப் சுற்றித் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கமே தவிர வேலையல்ல. உலோக உடம்பு உள்ள விளக்கு என்றால் பச்சை எர்த் வயர் அதன் உடம்பில் சேர வேண்டும். பழைய கட்டிடங்களில் விளக்குப் பாயிண்டுக்கு எர்த்தே வந்திருக்காது. அந்த இடத்தில் முழுக்கப் பிளாஸ்டிக் உடம்புள்ள விளக்கையே வாங்குவது நல்லது. விளக்கின் எடையை வயர் தாங்கக்கூடாது. கொக்கியோ திருகோதான் தாங்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு என்று பெரிய கண்ணாடிக் கொத்து விளக்கு வாங்கி வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வயர் வாங்குவது பற்றி வியாபாரிகளாகிய நமக்குப் பிறர் சொல்ல வேண்டுமா? மிளகில் பப்பாளி விதை கலந்தால் கையில் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடும் நாம், வயர்க் கடையில் போய் "எது விலை குறைவு" என்று மட்டும் கேட்கிறோம். அங்கேயும் கலப்படம் இருக்கிறது. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுப் பூசிய வயர், பருமன் குறைந்த வயர், 90 மீட்டர் என்று எழுதி அளந்தால் குறையும் சுருள் எல்லாம் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் வயரின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். விளக்குக்கு ஒன்று அல்லது ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதுமானது. நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இப்போது நாம் வற்புறுத்த விரும்பும் காரியத்துக்கு வருகிறோம். எம்.சி.பி. இருக்கிறதே, ஆபத்து வந்தால் விழுந்துவிடும் என்று நம்மில் பெரும்பாலோர் நினைத்திருக்கிறோம். விளக்கு லைனில் இருப்பது 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், அது 6,000 மில்லி ஆம்பியர் வரை அசையாது. மனிதனின் இதயத் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லி ஆம்பியரே போதும். கணக்குப் பார்த்தால் எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும் கருவி, ஆளைக் காப்பாற்றுவது அல்ல. ஆளைக் காப்பாற்றுவதற்கு ஆர்.சி.சி.பி. என்று வேறு ஒன்று இருக்கிறது. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று, வரவு செலவு பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கணக்கு உதைத்தால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். நம்மைப் போன்ற கணக்குப்பிள்ளைகளுக்கு ஏற்ற கருவி. விலை ஒரு மூட்டை துவரம் பருப்பில் பாதிகூட வராது. ஆனால் ஒன்று, மெயினில் மட்டும் அதை வைத்தால் இன்வெர்ட்டர் பாட்டரியில் ஓடும்போது அது காவல் காக்காது. இன்வெர்ட்டரிலிருந்து வெளியே போகும் லைனிலும் தனியாக ஒன்று வேண்டும். ஒரே நேரத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் இரு கையால் பிடித்தவனையும் அது காப்பாற்றாது. அதன் மேலிருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். நாம் அமாவாசைதோறும் கடைக்குத் திருஷ்டி சுற்றும்போது அதையும் அழுத்திவிடுகிறோம், மறக்காமல் இருக்கிறது.

யாராவது மின்சாரத்தில் மாட்டிக்கொண்டால் அவரைக் கையால் பிடித்து இழுக்கக்கூடாது என்பதைக் கடையில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். முதலில் மெயின், கூடவே இன்வெர்ட்டர். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ள வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டார், டீ குடிக்கிறார் என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே இதயத்தில் என்ன நடந்தது என்று வெளியே தெரியாது.

அந்தப் பையனுக்கு ஆறு வாரம் கட்டு. செலவு முழுவதும் நாம் ஏற்றோம், சம்பளமும் கொடுத்தோம். அதைச் சொல்வது பெருமைக்காக அல்ல. அவன் தாயார் மருத்துவமனைக்கு வந்தபோது நம்மை ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க பார்த்துக்குவீங்கன்னுதானே அண்ணாச்சி விட்டேன்" என்று மட்டும் சொன்னார். முந்நூறு ரூபாய் கூலியும் மூன்று நாள் காத்திருப்பும் மிச்சம் பிடிக்கப் போய் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டோம். சம்பளத்துக்கு வந்த பையன் முதலாளி சொன்னால் மாட்டேன் என்று சொல்லமாட்டான். தெரியும் என்றே சொல்வான். அதை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். உரிமம் பெற்ற மின்பணியாளர்கள் இரண்டு பேரை சங்கம் ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தி, உறுப்பினர் கடைகளுக்கு முறை வைத்து அனுப்பலாம். சிறு வேலைக்குத் தனியாளாகக் கூப்பிட்டால் வராதவர், வீதி முழுவதற்கும் ஒரே நாளில் வேலை என்றால் வருவார். முதல் சுற்றில் எல்லாக் கடைகளிலும் சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறதா, இன்வெர்ட்டர் எந்தெந்த லைனுக்குப் போகிறது, எர்த் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து, மெயின் பெட்டிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிட்டால் போதும். கூலியை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச நாம் எழுத்துமூலம் கொடுத்திருக்கிறோம். முதல் பங்குத் தொகையையும் செயலாளரிடம் கட்டிவிட்டோம். ரசீது வாங்கி வைத்திருக்கிறோம்.